மகரக்கட்டுக்கு முன்னும் பின்னும்: பாலர் சபை முதல் சின்னத்திரை வரை இளம் நாயகரின் வரலாறு

இக்காலத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பள்ளிக்கூடத்துப் பையனாகவோ கல்லூரி மாணவனாகவோ தோன்றி, சில மாதங்களுக்குள் வீடுதோறும் பெயர் சொல்லப்படும் கீர்த்தியை அடைந்து, தலைவாரும் விதத்திலும் உடுக்கும் உடையிலும் தன் வயதினரான பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகிவிடுகிற இளம் நடிகன், மேனாட்டாரைப் பார்த்து நாம் புதிதாகக் கைக்கொண்ட ஒரு வழக்கத்தின் விளைவு என்று பலர் கருதுகின்றனர். இந்த அபிப்பிராயம் பொருந்தாது. தமிழ்நாட்டில் இத்தகைய இளம் நாயகன் தோன்றி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன என்பதும், அவனை உண்டாக்கிய ஸ்தாபனம் பாலர் நாடக சபை என்பதும், அவனுடைய பிற்கால வாழ்வை நிர்ணயித்தது இளமையில் அவன் பெற்ற கைதட்டலைவிடக் குரல் உடைந்த பருவத்தில் அவனுக்குக் கிடைத்த, அல்லது கிடைக்காமற்போன, சிக்ஷையே என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முயலும் செய்திகள். இவ்வாராய்ச்சிக்குச் சீர்காழியையும் அதைச் சூழ்ந்த காவிரிப் பாசன நாட்டையும் களமாக எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு.

பாடும் பாலகனைக் கண்டு ஊர் முழுவதும் உருகி நிற்கும் மனப்பான்மை சீர்காழிக்குப் பழையது. மூன்று வயதில் பிரம தீர்த்தக் கரையில் அம்மையிடம் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கியவர் என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன் வரத் தலந்தோறும் சென்று பாடிப் பதினாறாம் வயதில் சோதியிற் கலந்தவர் என்றும் சைவ உலகம் போற்றும் திருஞானசம்பந்தர் இவ்வூரிற் பிறந்தவர். சித்திரை மாதத்துத் திருமுலைப்பால் உற்சவத்தன்று அக்குளக்கரையில் தாய்மார் தங்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிண்ணங்களில் கொண்டுவந்த பாலை நிவேதித்து, பின் அதனைக் குழந்தைகளுக்கு ஊட்டும் காட்சியை இன்றும் காணலாம். பிள்ளைக்கு ஞானமும் வாக்கும் வரவேண்டும் என்பதே அவர்களுடைய பிரார்த்தனை. இதனை நாடக மேடையோடு ஒப்பிட்டுப் பேசுவது என் நோக்கமன்று. பக்தி வேறு, அபிமானம் வேறு. ஆயினும் பாலகனின் வாயிலிருந்து வரும் பாட்டைப் பெரியோர் பாட்டினும் உயர்வாக மதிக்கும் செவிப்பழக்கம் ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்ததென்றால், பிற்காலத்து நாடகக் கம்பெனிக்காரர் அந்த விளைநிலத்தைத் தேடி வந்ததில் வியப்பில்லை. முத்துத்தாண்டவரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் கீர்த்தனங்கள் இயற்றிய பிரதேசம் இது. தில்லையாடியிற் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் இராம நாடகத்தைப் பாடியதும் இங்கேதான். பாட்டின் வழியாகவே கதையை நடத்திச் செல்லும் முறைக்கு இந்நாட்டு ஜனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நன்கு பழகியிருந்தனர்.

செவிப்பழக்கம் மட்டும் ஒரு நாடகக் கம்பெனியைக் காப்பாற்றாது. பணமும் ஓய்வும் வேண்டும். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்து நெல் களஞ்சியத்தில் ஏறியது முதல், ஆனியில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்வரை, தஞ்சை ஜில்லாவில் நிலமுடையவர்க்கும் உழுதொழிலாளர்க்கும் ஓய்வு கிட்டும். கையில் காசும் புழங்கும். திருவிழாக்களும் கல்யாணங்களும் கூடிவரும் மாதங்களும் அவையே. தென்னிந்திய ரயில்வேயின் மெயின் லயனில் சிதம்பரம், சீர்காழி, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஊர்கள் நெருங்கி அமைந்திருந்தமையால், திரைகளும் பெட்டிகளும் ஹார்மோனியமும் ஐம்பது அறுபது பேருமாக ஒரு கம்பெனி ஓர் ஊரில் முகாமை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பெயர்வது எளிதாயிற்று. கீற்றுக் கொட்டகை, முன்னே நாற்காலி, பின்னே பெஞ்சு, அதன் பின்னே தரை, ஊர் முழுவதும் பறக்கும் நோட்டீசுகள் ஆகியவற்றோடு இரவு தொடங்கும் நாடகம் விடியற்காலையில்தான் முடியும். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நடத்திய கம்பெனியின் நாடகங்களைக் காண வெளியூர் ஜனங்களுக்காகத் தனி ரயிலே ஓடிற்று என்றும் அதற்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் என்றும் வழங்கும் கர்ணபரம்பரைச் செய்தி, அக்காலத்து நாடக மோகத்தின் அளவைக் காட்டப் போதுமானது.

இந்த மோகம் பாலர்களை நோக்கித் திரும்பியதற்குக் காரணமாயிருந்தவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வயதுவந்த நடிகர்கள் குறித்த நேரத்திற்கு வாராமையும், பாடத்தை மீறித் தம் மனம்போனவாறு வசனம் பேசுவதும், மேடையிலேயே ஒருவரோடொருவர் போட்டியிடுவதும் அவருக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தன. அடக்கத்தோடு கற்றுக்கொண்டு, எழுதிய பாடத்தை அப்படியே ஒப்புவிக்கக் கூடியவர் சிறுவரே என்று கண்ட சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அதிற் சேர்ந்தவர்கள். சிறுவன் சண்முகத்துக்கு ஏற்ற வேஷம் ஒன்று வேண்டும் என்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஓர் இரவிலேயே எழுதி முடித்தார் என்ற செய்தி நாடக உலகில் பிரசித்தம். குறிப்பிட்ட ஒரு சிறுவனை மனத்திற்கொண்டு அவனை நாயகனாக்குவதற்கென்றே ஒரு நாடகம் எழுதப்பட்டது என்பதை ஊன்றி நோக்கவேண்டும். இன்றைய தொலைக்காட்சி நிலையத்தார் ஓர் இளைஞனை வைத்துத் தொடரைப் புனைவதற்கு மூலமான முறை இதுவே.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜகந்நாதய்யரின் கம்பெனி, நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபை என்று அடுத்தடுத்துத் தோன்றிய சபைகள் பலவும் காவிரிக்கரை ஊர்களில் மாதக்கணக்கில் முகாமிட்டவை. கம்பெனி வீடு என்பது பள்ளியும் விடுதியும் பட்டாளமும் ஒன்றாய்க் கலந்த ஓர் அமைப்பு. பெற்றோர் இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து மகனை ஒப்படைப்பார்கள்; சாப்பாடும் துணியும் கம்பெனியுடையவை; சில ரூபாய்ச் சம்பளம் பெரும்பாலும் பெற்றோர்க்கே போகும். விடியுமுன் எழுந்து குரல் சாதகம், பின் வாத்தியாரிடம் பாடம், மாலையில் ஒத்திகை, இரவில் நாடகம் என்று பொழுது கழியும். தப்பு நேர்ந்தால் பிரம்படி. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேஷங்கள் வகுக்கப்பட்டு, முகவெட்டும் சாரீரமும் பார்த்துப் பையன்களுக்கு அவை ஒதுக்கப்படும். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கொட்டகையின் கடைசித் தரை வரிசை வரைக்கும் பாட்டு எட்டவேண்டுமாகையால், நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று உச்ச சுருதியில் தங்குதடையின்றிப் பாடவல்ல பால்யக் குரலே கம்பெனியின் மூலதனம். ‘ஒன்ஸ்மோர்’ என்ற குரல் தரையிலிருந்து எழுந்துவிட்டால், பதின்மூன்று வயது இராஜபார்ட் அதே பாட்டை மூன்றாம் முறையும் நான்காம் முறையும் பாடியாக வேண்டும்.

அந்தக் குரல் நிலையாக இராது என்பது எல்லோர்க்கும் தெரியும். பதினான்கு, பதினைந்து வயதில் தொண்டை உடைந்து குரல் கரகரப்பதை நாடகக்காரர் ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை ஐந்து கட்டையில் நின்ற பையன் இன்று மேல் ஷட்ஜத்தை எட்டும்போது குரல் பிசிறுகிறது; ஹார்மோனியக்காரர் அவனுக்காகச் சுருதியை அரைக்கட்டை இறக்குகிறார்; பின்பாட்டுக்காரர் தம் குரலால் அவன் குரலைப் போர்த்தி மறைக்கிறார்; தரையில் இருப்பவர்கள் அதைக் கண்டுகொண்டு சீட்டியடிக்கிறார்கள். சில வாரங்களில் அவன் வேஷம் வேறொரு சிறுவனுக்குப் போய்விடும். அவனுக்கு மந்திரி வேஷமோ சேவகன் வேஷமோ கிடைக்கலாம். அல்லது பெட்டியோடு ஊர் திரும்பலாம். பள்ளிப்படிப்பும் இல்லை, குலத்தொழிலும் கற்கவில்லை. இவ்வாறு திரும்பிய பையன்களின் பெயர்களை எந்த நாடக வரலாற்று நூலும் பதிவு செய்யவில்லை. பாலர் சபைகளின் பெருமையை எழுதுவோர் அனைவரும் இவர்களை நினைவிற்கொண்டு எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் துறையைக் கடந்து சென்றவர்களின் வாழ்வு பலவாறு அமைந்தது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா சிறு பிராயத்திலேயே மேடையேறி, கன்னையா கம்பெனியின் தசாவதாரம் முதலிய நாடகங்களால் புகழின் உச்சிக்குச் சென்றவர். மகரக்கட்டுக்குப் பின்னும் அவருடைய சாரீரம் உயரே நின்றது ஓர் அபூர்வம். ஆயினும் இரவு முழுவதும் உச்ச சுருதியில் பாடி, பகல் முழுவதும் பயணம் செய்த அந்த உடல் நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில், 27 வயதில், அவர் காலமானார். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பாவோ மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்த பின் குரல் உடைந்து ஊர் திரும்பியவர். அந்த இடைக்காலத்தை அவர் வீணாக்காமல் சங்கீதம் பயின்றார். சிலம்பமும் பளு தூக்குதலும் கற்றார். 1940-இல் வெளிவந்த உத்தம புத்திரனில் இரட்டை வேஷம் தாங்கி அவர் நின்ற நிலைக்கு அந்த அஞ்ஞாதவாசமே அஸ்திவாரம்.

மாயவரத்தில் 1910-ஐ ஒட்டிப் பிறந்து திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதரின் சரித்திரம் சீர்காழிக்கு மிக அணித்தானது; ஆகையால் சற்று விரிவாக நோக்கத் தக்கது. பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளையாகிய அவருடைய குரலைக் கேட்டு, தென்னிந்திய ரயில்வேயில் உத்தியோகம் வகித்தவரும் திருச்சி ரசிக ரஞ்சனி சபையை நடத்தியவருமான எப். ஜி. நடேசய்யர், ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். கம்பெனி வீட்டின் கடும் வாழ்க்கையில் முழுதும் அகப்படாமல், சபையொன்றின் ஆதரவில் மேடையேறியவர் அவர் என்பது கவனிக்கத் தக்கது. அதனால் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்கவும், குரல் மாறும் பருவத்தை அப்பியாசத்தில் கழிக்கவும் அவருக்கு அவகாசம் இருந்தது. பாகவதர் என்ற பட்டம் நாடகக்காரருக்கு எளிதில் கிட்டாதது. கச்சேரி வித்துவான்களின் உலகம் அதனை வழங்கியதென்றால், அவருடைய சாரீரத்துக்குப் பின்னால் சாதகம் இருந்தது என்று பொருள்.

மேடையில் 1926 முதல் அவர் நடித்துவந்த பவளக்கொடி நாடகத்தை, பாபநாசத்தைச் சேர்ந்த கே. சுப்பிரமணியம் 1934-இல் படமாக எடுத்தார். அதிலும் பாகவதரே அர்ச்சுனன், எஸ். டி. சுப்புலட்சுமியே பவளக்கொடி. 1937-இல் சிந்தாமணியும் அம்பிகாபதியும் வந்தன. 1944 தீபாவளியை ஒட்டிச் சென்னை பிராட்வே கொட்டகையில் திரையிடப்பட்ட ஹரிதாஸ் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தோள்வரை தொங்கும் அவருடைய முடியைப் பார்த்துத் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களின் இளைஞர்கள் ‘பாகவதர் கிராப்’ வைத்துக்கொண்டனர். கோயில் உற்சவங்களில் அவர் கச்சேரி என்றால் மரக்கிளைகளிலும் ஆட்கள் அமர்ந்திருந்தனர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1944 நவம்பரில் நிகழ்ந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டு, 1945-இல் தண்டனை பெற்று, 1947 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். இடையிற் கழிந்தவை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே. ஆனால் அதற்குள் ஜனங்களின் ரசனை இடம் மாறியிருந்தது. பாட்டைக் குறைத்து வசனத்தைப் பெருக்கிய படங்கள் தலையெடுத்தன. இராஜ முக்தி, அமரகவி ஆகியவற்றை முன்னைய ரசிகர் கூட்டம் வந்து தாங்கவில்லை. உடல்நலமும் கண்பார்வையும் குன்றி 1959 நவம்பர் முதல் தேதி அவர் மறைந்தார். அவருடைய வீழ்ச்சிக்கு வழக்கு ஒன்றையே காரணமாகச் சொல்வது வழக்கம். காலத்தின் ரசனை மாற்றத்துக்கும் அதில் சமபங்கு உண்டு என்பதே என் துணிபு.

சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்த டி. ஆர். மகாலிங்கம், 1938-இல் ஏவி. மெய்யப்ப செட்டியாரின் நந்தகுமாரில் கிருஷ்ணனாகத் தோன்றியபோது பால்யம் நீங்காதவர். 1945-இல் ஸ்ரீவள்ளியால் அவர் அடைந்த பிரசித்தி பெரிது; கிட்டப்பாவின் சாரீரம் மீண்டும் வந்தது என்று கொண்டாடினர். பின்னர் சொந்தப் படங்கள் எடுத்துப் பொருளிழந்து, வெகுநாள் கழித்துப் பக்திப் படங்களில் திரும்பவும் இடம்பெற்றார்.

இவர்கள் அனைவரோடும் வைத்து எண்ணத் தக்கவரும், எனினும் வேறொரு பாதையிற் சென்றவருமாக இருப்பவர் சீர்காழி கோவிந்தராஜன். கிட்டப்பா மறைந்த அதே 1933-ஆம் ஆண்டின் ஜனவரி 19-ஆம் தேதி சீர்காழியில், சிவசிதம்பரம், அவயாம்பாள் தம்பதிகளின் மகனாகப் பிறந்தார். வாணி விலாஸ் பாடசாலையில் ஆரம்பக் கல்வி; எட்டாம் வயதில் கோயிலில் பாட்டு அரங்கேற்றம். அக்காலத்தில் குரல் வாய்ந்த ஏழைப் பிள்ளைக்குத் திறந்திருந்த வாசல் நாடகக் கம்பெனி ஒன்றே. தேவி நாடக சபை, சக்தி நாடக சபை ஆகியவற்றில் அவர் சிறுவனாகச் சேர்ந்தார். மேடையில் நிற்கும் முறை, கூட்டத்தின் கடைசி வரிசையை நோக்கிச் சொல்லை எறியும் திறம், எழுத்தெழுத்தாய்த் தெளிந்த உச்சரிப்பு ஆகியவை அவருக்கு அங்கே வாய்த்தன. பிற்காலத்தில் அவருடைய பாட்டில் ஒரு சொல்லும் மங்காமல் ஒலிப்பதைக் கேட்பவர், அது கச்சேரி மேடை தந்த குணம் என்று நினைத்தல் கூடும். எனக்கோ அது கம்பெனி வாத்தியார்கள் பிரம்பைக் கையிலேந்திக் கற்பித்த வசன சிக்ஷையின் பயனாகவே தோன்றுகிறது.

இளம் நடிகனாகவே நின்றிருந்தால் மகரக்கட்டோடு அவர் வாழ்வும் மற்றப் பையன்களின் வாழ்வைப் போல முடிந்திருக்கலாம். அந்தச் சமயத்தில் நாடகக்காரராகிய பி. எஸ். செட்டியார் அவரைச் சென்னைத் தமிழிசைக் கல்லூரிக்கு அனுப்ப முன்வந்தார். சீர்காழிக்கு வடக்கே ஒன்றிரண்டு ஸ்டேஷன் தாண்டிச் சிதம்பரத்தில் 1929-இல் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியார், 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றவும் காரணமானவர். தமிழிற் பாடுவோர்க்குக் கௌரவமான மேடை வேண்டும் என்று எழுந்த அவ்வியக்கம், நாடக மேடையிலிருந்து வந்த பையன் ஒருவனைச் சங்கீத மாணவனாக ஏற்றுக்கொண்டது சாமானியமான செய்தியன்று. ஏனெனில் நாடகப் பாட்டைச் சங்கீத வித்துவான்கள் தாழ்வாகவே கருதிய காலம் அது. 1949-இல், பதினாறாம் வயதில், இசைமணிப் பட்டம். 1951-இல் சங்கீத வித்துவான் பட்டம். குரல் உடைந்து புதுக்குரல் உருவாகும் ஆண்டுகள் முழுவதும் அவர் பாடசாலையில் இருந்தார் என்பதை இத்தேதிகள் காட்டும். திருப்பாம்புரம் நாகஸ்வரப் பரம்பரையைச் சேர்ந்த புல்லாங்குழல் வித்துவான் சுவாமிநாத பிள்ளை அவருக்குக் குருவாக வாய்த்தார். காவிரிக்கரைச் சங்கீதம் அவரிடமிருந்தே காவிரிக்கரைப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

கல்கியின் பொய்மான் கரடு கதையைத் தழுவி 1954-இல் வந்த பொன்வயல் படத்தில் பின்னணி பாடத் தொடங்கிய கோவிந்தராஜன், ‘வெண்கலக் குரல்’ என்ற புகழை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழக்காமல் காத்தார். 1964-இல் வெளிவந்த கர்ணனில் போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் வீரனிடம் கிருஷ்ணன் பாடும் பாட்டு அவர் குரலில் அமைந்தது. 1967-இல் கந்தன் கருணையில் நக்கீரராகவும், 1970-இல் திருமலை தென்குமரியிலும், 1972-இல் அகத்தியரில் அகத்தியராகவும் நடித்தார். இப்படங்களை இயக்கிய ஏ. பி. நாகராஜன் தாமே பாலர் நாடகக் கம்பெனியில் வேஷம் கட்டி வளர்ந்தவர். அகத்தியரில் நாரதராக வந்தவரோ, ஒரு காலத்தில் நாடே கொண்டாடிய இளம் நாயகராகிய அதே டி. ஆர். மகாலிங்கம். நந்தகுமாரின் கிருஷ்ணனும் சீர்காழிக் கம்பெனிப் பையனும் நடுவயதில் நாரதரும் அகத்தியருமாக ஒரே சட்டகத்துள் நிற்க, அவர்களை இயக்குபவரும் ஒரு பழைய கம்பெனிப் பையன் என்று அறிந்து அப்படத்தைப் பார்ப்பவர்க்கு, பாலர் சபையின் சரித்திரம் முழுவதும் அக்காட்சியில் அடங்கியிருப்பது புலப்படும். 1983-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கோவிந்தராஜன் 1988 மார்ச் 24-ஆம் தேதி காலமானார். பதின்பருவத்தில் அவருக்கு வெறிகொண்ட ரசிகர் கூட்டம் எதுவும் இருந்ததில்லை. அந்தக் குறையே அவரைக் காத்தது என்று சொல்லத் துணிகிறேன்.

வேஷம் ஆளை விழுங்கும் வழக்கமும் இந்த மேடையிலேயே தோன்றியது. இராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்த இராஜமாணிக்கம் நவாப் இராஜமாணிக்கம் ஆனார். கோவலன் நாடகத்தில் காளியாக வந்த ரத்தினம் காளி என். ரத்தினம், சண்முகம் அவ்வை சண்முகம், யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த கணேசன், அண்ணாதுரையின் நாடகத்துக்குப் பின் பெரியாரால் சிவாஜி கணேசன் ஆனார். கோவிந்தராஜனின் பெயருக்கு முன் நின்றதோ அவர் பிறந்த ஊர்.

கடல்கடந்த தேசத்துத் தொலைக்காட்சி இளம் நாயகரின் சரித்திரத்தை இதனோடு வைத்துப் பார்த்தல் பயன்தரும். நியூயார்க்கில் 1950-இல் பிறந்த டேவிட் காசிடி, 1970 செப்டம்பரில் தொடங்கிய ‘பார்ட்ரிட்ஜ் பேமிலி’ என்னும் அமெரிக்கத் தொடரில், தம்பி தங்கையரோடு பாடித் திரியும் பள்ளிப் பையனாக நடித்தார். அந்தத் தொடரின் பெயரால் வெளிவந்த இசைத்தட்டு அவ்வாண்டு நவம்பரிலேயே விற்பனையில் முதலிடம் பெற்றது. பத்திரிகை அட்டைகள், சோற்றுப்பெட்டிகள், சட்டைகள் என்று எங்கும் அவர் முகமே விற்கப்பட்டது. அதன் பெரும் லாபம் சென்ற இடம், கம்பெனிப் பையனின் வசூல் சென்ற இடத்தைப் போலவே, ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுடைய பை. 1974 மே 26-ஆம் தேதி லண்டனில் அவர் பாடிய அரங்கில் கூட்டம் முண்டியடித்ததில் நசுங்கிய 14 வயதுச் சிறுமி ஒருத்தி பின்னர் உயிரிழந்தாள். அதன்பின் ஊர் ஊராய்ச் சென்று பாடுவதை அவர் பல ஆண்டுகள் விட்டுவிட்டார். நாடகம், இசைத்தட்டு என்று பல வழிகளில் மீண்டும் முயன்றும், ஜனங்கள் அவரிடத்தில் அந்தப் பள்ளிப் பையனையே தேடினர். 2017-இல் 67 வயதில் இறக்கும்வரை இந்நிலை நீங்கவில்லை. மகரக்கட்டு தொண்டையில் மட்டும் நேர்வதன்று. பார்ப்பவர் மனத்தில் பதிந்த வயது நடிகனின் உடலைவிட்டுப் பிரியும் தருணத்திலும் அது நேர்கிறது.

தமிழ்நாட்டில் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. வயலும் வாழ்வும், ஒளியும் ஒலியும் ஆகிய நிகழ்ச்சிகளைக் காண ஊருக்கு ஒன்றிரண்டாக இருந்த பெட்டிகளின் முன் ஜனங்கள் திரண்டனர்; ஆனால் அந்நிலையம் இளம் நாயகர் எவரையும் உண்டாக்கவில்லை. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி வந்து, அடுத்தடுத்துத் தனியார் அலைவரிசைகள் பெருகி, நாள்தோறும் ஓடும் தொடர் வழக்கமான பின்னரே அதற்கு இடம் ஏற்பட்டது. விஜய் தொலைக்காட்சி 2006-இல் ஒளிபரப்பத் தொடங்கிய கனா காணும் காலங்கள், பள்ளி மாணவரின் நட்பையும் சண்டையையும் கூச்சத்தையும் முதன்மைப் பொருளாக்கி, அதே வயதுப் பார்வையாளரைத் தன் முன் அமர்த்தியது. அதன் வழிவந்த கல்லூரிக் கதையில் 2011-இல் அறிமுகமான கவின், சரவணன் மீனாட்சியில் வேட்டையன் என்ற பாத்திரத்தால் வீடுதோறும் தெரிந்தவரானார். தெருவில் அவரைக் கண்டவர்கள் வேட்டையன் என்றே அழைத்தார்கள் என்றால், அது நவாபும் காளியும் நடந்த பாதைதான். 2019-இல் பிக் பாஸ், 2021-இல் லிப்ட், 2023-இல் டாடா என்று அவர் திரைக்குச் சென்றிருக்கிறார். கலக்கப்போவது யாரு போட்டியில் பலகுரலால் பெயர்பெற்று, நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்து, 2012-இல் மெரினாவில் நாயகரான சிவகார்த்திகேயனின் வழியும் சின்னத்திரையில் தொடங்கியதே. ஜனங்கள் முன் நேராக நின்று, அவர்கள் சிரிப்பையும் சலிப்பையும் உடனுக்குடன் அறிந்து பழகியதால், கம்பெனி நடிகனுக்குக் கிடைத்த பயிற்சியில் ஒரு பகுதி அவருக்குக் கிடைத்தது எனலாம். தொடர்களில் மட்டும் தோன்றி மறைந்த இளைஞர் மிகப் பலர். தொடர் முடிந்தவுடன் அவர்கள் எங்கே போனார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு துறையில் நிலைமை திருந்தியிருப்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடவேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, அதற்கான விதிகள் 2017-இல் வந்தன. அவற்றின்படி 14 வயது நிரம்பாத கலைஞனை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்தாற்போல் 27 நாளுக்கு மேலும் வேலை வாங்கலாகாது, படிப்பு தடைப்படலாகாது, அவன் ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவன் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கவேண்டும். இரவு முழுவதும் ‘ஒன்ஸ்மோர்’ பாடிய பாலர் சபைப் பையனுக்கு இவற்றில் ஒன்றும் கிட்டியதில்லை. ஆனால் கனா காணும் காலங்கள் போன்ற தொடர்களின் நாயகர்களாக நிற்பவர் பெரும்பாலும் 14 வயதைக் கடந்தவர். இவ்விதிகளின் நிழல் அவர்கள்மேல் விழுவதில்லை. பி. எஸ். செட்டியார் ஒரு பையனைத் தமிழிசைக் கல்லூரிக்கு அனுப்பியதுபோல், தொடர் ஓடும் காலத்திலேயே அதன் இளைஞர்களுக்குக் குரலும் உச்சரிப்பும் நடிப்பும் கற்பிக்கும் வாத்தியார் ஒருவரை அமர்த்துவதும், தொடர் முடிந்தபின் அவர்களுள் கற்க விரும்புவோரை நாடகப் பள்ளிக்கோ இசைக் கல்லூரிக்கோ அனுப்ப அவர்கள் ஊதியத்திலிருந்தும் நிலையத்தின் விளம்பர வருவாயிலிருந்தும் ஒரு பகுதியை ஒதுக்குவதும் அலைவரிசை நடத்துவோரால் இயலாதவை அல்ல; அவர்களுடைய ஒப்பந்தப் பத்திரத்தில் அதற்கு இரண்டு ஷரத்துகள் போதும்.